தாழ் விழாத கதவு

“லாக் போயிடுச்சு ஆசாரி. வரும்போதே புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க.”

ஐப்பசி மழை பிடித்து நாலு நாள் ஆனதும், சென்னையில் மரவேலை செய்யும் அந்த ஆசாரிக்கு வருகிற அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கதவு சாத்திக்கொள்கிறது, தாழ் மட்டும் விழுவதில்லை. தோளால் முட்டினால் விழுகிறது. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தால் விழுகிறது. சில நாள் எதைச் செய்தாலும் விழுவதில்லை. வீட்டுக்காரர் கண்ணுக்குப் படுவது பூட்டு ஒன்றுதான் என்பதால் பழியும் அதன்மேலேயே போகிறது.

ஆசாரி புதுப் பூட்டு வாங்கிப் போவதில்லை. திருப்புளி, பென்சில், ரசமட்டம், ஓர் அங்குல உளி, கொட்டாப்புளி, ஒரு பொட்டலம் மூங்கில் சிம்பு ஆகியவைதான் பையில் இருக்கும். போனதும் கதவைத் திறந்து வைத்து, பூட்டின் நாக்கை விரலால் உள்ளே அழுத்தி விடுவார். அது சட்டென்று துள்ளி வெளியே வந்துவிட்டால் பூட்டில் குற்றமில்லை. மெதுவாக வந்தாலோ, பாதியில் நின்றாலோ மட்டும்தான் உள்ளே இருக்கும் சுருள்வில்லைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நாக்கு நன்றாகவே துள்ளும். அடுத்து, கண்ணை மேல்கீலில் வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து ஒரு தூக்கு தூக்குவார். கீல் அசையும். வேலை எங்கே என்பது அப்போதே தெரிந்துவிடும். வீட்டுக்காரருக்குத்தான் அதை நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும், ஏனென்றால் கோளாறு தெரிகிற இடத்துக்கும் அந்தக் கீலுக்கும் நடுவே மூன்றடி தூரம் இருக்கிறது.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தாய்மாமனிடம் தொழில் படித்தவர் அவர். கதவு செய்யச் சொல்லித் தருவதற்கு முன்னால் கதவைப் பார்க்கச் சொல்லித் தந்தவர் மாமா. “எங்கடா உரசுதுன்னு தேடாத. எங்க விலகியிருக்குன்னு பாரு” என்பாராம். உரசுகிற இடத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் பளிச்சென்று தெரியும், யார் கண்ணுக்கும் தப்பாது. காரணம் பெரும்பாலும் விலகிய இடத்தில் இருக்கும். அங்கே யாரும் பார்ப்பதில்லை. கதவு ரிப்பேருக்கு வருகிற பலரும் உரசும் இடத்தில் இழைப்புளியை வைத்துச் சீவிவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்றைக்குக் கதவு சாத்திக்கொள்ளும். கீல் இன்னும் இறங்கும்போது மறுபடி உரசும், மறுபடி சீவுவார்கள். இப்படிச் சீவிச் சீவி மேல்மூலை கோணலாகிப்போன கதவுகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கீலைச் சரியாக்கி அந்தக் கதவை நேரே நிறுத்தினால், சீவிய பக்கம் முக்கோணமாக வெளிச்சம் தெரியும். போன மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. முடிந்தாலும் அந்த இடம் காலத்துக்கும் தனியாகத் தெரியும்.

தச்சர்கள் ஓர் அங்குலத்தை 8 நூலாகப் பிரிப்பார்கள். ஒரு நூல் 3 மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே இரு பக்கமும் மேலேயும் ஒரு நூல் அளவுக்கு இடைவெளி, கீழே தரைக்கு மேல் இரண்டு நூல். இதுதான் நன்றாக மாட்டிய கதவுக்கு அடையாளம். கதவைச் சாத்திவிட்டு இந்த இடைவெளியின் மேல் கண்ணை ஓட்டினால் பாதி விஷயம் புரிந்துவிடும். கீல் பக்கத்தில் மேலே அகன்று கீழே ஒடுங்கி, தாழ்ப் பக்கத்து மேல்மூலை நிலையில் இடித்து, கீழ்மூலை தரையில் கால்வட்டமாகக் கோடு கிழித்திருந்தால் கதவு தொங்கிவிட்டது. பக்கவாட்டு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஒடுங்கியிருந்தால் மரம் உப்பியிருக்கிறது. சுற்றிலும் இடைவெளி சரியாக இருந்தும், மேலே, கதவு போய்ப் பதியும் நிலையின் காடியில் முட்டிக்கொண்டு கீழே முட்டாமல் நின்றால் கதவு முறுக்கியிருக்கிறது. நிலையின் மேல்சட்டமே ரசமட்டத்தில் சாய்வு காட்டினால் கதவை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

இவற்றில் அதிகம் நடப்பது முதலாவது. ஏன் எப்போதும் மேல்கீலே தளர்கிறது என்று கேட்பவர்களுக்கு அவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவார். மூன்றடி அகலம், ஏழடி உயரம், 35 மில்லிமீட்டர் கனம் உள்ள கெட்டி ஃப்ளஷ் கதவு ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். அந்த எடை கதவின் நடுவில், அதாவது கீலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இறங்குகிறது. மேல்கீலுக்கும் கீழ்க்கீலுக்கும் நடுவே ஐந்தடி என்று வைத்துக்கொண்டால், மேல்கீலை நிலையிலிருந்து வெளியே இழுக்கும் விசை 40 கிலோவை ஒன்றரையால் பெருக்கி ஐந்தால் வகுத்தது: 12 கிலோ. கீழ்க்கீலை அதே 12 கிலோ நிலைக்குள் அழுத்துகிறது. அதனால் கீழ்க்கீலின் ஸ்குருக்களுக்கு அந்த இழுப்பில் பங்கில்லை. மேல்கீலின் ஸ்குருக்களுக்கோ இரவும் பகலும் ஓய்வில்லை.

25 கிலோ எடையுள்ள பிள்ளை ஒன்று கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஆடினால், எடை கீலிலிருந்து இரண்டே முக்கால் அடி தள்ளி இறங்குகிறது. மேல்கீலில் கூடுதலாக ஏறுவது 14 கிலோ, அதாவது கதவின் சொந்த இழுப்பைவிட அதிகம். பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகள் இந்த விளையாட்டை விளையாடாத வீடு இல்லை. அவர்களைத் திட்டுவதைவிட மேல்கீலைப் பலப்படுத்துவது சுலபம் என்பது ஆசாரியின் கருத்து. கனமான தலைவாசல் கதவுக்கு மூன்றாவது கீலை நடுவில் வைக்காமல் மேல்கீலுக்குப் பக்கமாக ஏற்றி வைப்பதும் இந்த இழுப்பைப் பங்கிடத்தான்.

மேல்கீல் 2 மில்லிமீட்டர் வெளியே வந்தால் தாழ்ப் பக்கம் 1 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக இறங்கும். பார்த்தால் தெரியாத இறக்கம். ஆனால் இன்றைய பூட்டுகள் பலவற்றில் நாக்குக்கும், அது நுழைய வேண்டிய தகட்டுத் துளைக்கும் நடுவே விட்டிருக்கும் இடம் அவ்வளவுதான்.

பழைய கதவுகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கோயில் கதவுகளிலும் மிகப் பழைய வீட்டுக் கதவுகள் பலவற்றிலும் கீலே இருக்காது. கதவுச் சட்டத்தின் மேலும் கீழும் குடுமி விட்டு, மேற்குடுமியை நிலையின் மேல்சட்டத்துக் குழியிலும் கீழ்க்குடுமியை வாசற்படிக் குழியிலும் நிறுத்தியிருப்பார்கள். எடை முழுவதும் கீழ்க்குடுமி வழியாக நேரே படியில் இறங்கிவிடும். தளர்வதற்கு ஸ்குரு இல்லை. காலப்போக்கில் கீழ்க்குடுமி தேய்ந்து கதவு இறங்கும். மாமா அந்தக் குழியில் இரும்பு வில்லை ஒன்றைப் போட்டுக் கதவை ஏற்றிவிடுவார். கதவு சற்று இறங்கியே இருந்தாலும் குறுக்கே போடும் கணையமரத்துக்கு அதனால் பாதகமில்லை, அரை அங்குலம் அப்படி இப்படி இருந்தாலும் அது போய் உட்காரும். கதவைப் பூட்டும் பொருள் கட்டையிலிருந்து சிறு இரும்பு நாக்காக மாறியதிலிருந்துதான் மில்லிமீட்டர் ஒரு பிரச்சினையாயிற்று.

மேல்கீல் தளர்ந்த கதவை நிமிர்த்தும் வேலையை ஆசாரி அவசரமில்லாமல் செய்வார். தாழ்ப் பக்கம் கதவுக்கு அடியில் ஆப்பு வைத்து, கதவு நேராகும்வரை மெல்லத் தட்டி ஏற்றுவார். எடை ஆப்பில் இறங்கியபின் மேல்கீலின் ஸ்குருக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். துளைக்குள் மரம் பொடிந்து மாவாகியிருக்கும். அதை ஊதிச் சுத்தம் செய்து, மூங்கில் சிம்புகளை ஃபெவிகாலில் தோய்த்து, இனி நுழையாது என்கிறவரை கொட்டாப்புளியால் தட்டி இறக்குவார். தீக்குச்சி வைத்து அடைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அந்த மரம் மெத்து, ஆறு மாதம் தாங்கினால் அதிகம் என்பார். மூங்கிலோ தேக்குச் சிம்போதான் ஸ்குருவின் புரியைக் கவ்விப் பிடிக்கும். பசை ஓர் இரவு காய வேண்டும். மறுநாள் துருத்தி நிற்பதை உளியால் சமமாக நறுக்கி, ஸ்குருவைவிட மெல்லிய துளை போட்டு, புரியில் சோப்பைத் தடவி, கையால் முடுக்குவார். கடைசிச் சுற்றுகளுக்கு அவர் டிரில் மெஷினை நம்புவதில்லை. மரம் ‘போதும்’ என்று சொல்வது மணிக்கட்டுக்குத்தான் தெரியுமாம்.

மேல்கீலின் ஒரு ஸ்குருவையாவது இரண்டரை அங்குல நீளத்துக்கு மாற்றிவிடுவதும் அவர் வழக்கம். நிலையின் கனம் போதுமானதாக இருந்தால் இது ஒன்றே பல ஆண்டுகளுக்குக் கதவைத் தாங்கும். ஒரு நாள் பொறுக்க முடியாத வீடுகளில் பசை வேலை இல்லாமல் இதை மட்டும் செய்துவிட்டு வருவதும் உண்டு.

அவரைக் கோபப்படுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. புதுக் குடியிருப்புகளில் கீலைக் கழற்றினால் உள்ளே இருப்பது முக்கால் அங்குல ஸ்குரு. அதையும் முடுக்கியிருக்க மாட்டார்கள், சுத்தியலால் ஆணிபோல அடித்து இறக்கிவிட்டுக் கடைசி ஒரு சுற்றை மட்டும் திருப்பியிருப்பார்கள். அடித்த ஸ்குரு போகிற வழியில் மரநாரை அறுத்துக்கொண்டு போகிறது. புரிக்குப் பிடிமானமே இருக்காது. தலையைப் பார்த்தால் ஒழுங்காக முடுக்கியதைப் போலவே இருக்கும். வீடு வாங்குபவர்கள் டைல்ஸையும் குழாயையும் தட்டிப் பார்க்கிறார்கள்; ஒரு கீலின் ஒரு ஸ்குருவைக் கழற்றிக் காட்டச் சொல்வதில்லை. கேட்க வேண்டும். கதவு மாட்டும் வேலையைக் கணக்குப் பார்த்துக் கதவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிடுவதால், வேலை செய்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் நட்டம். குறை கருவியிலோ கையிலோ இல்லை, கூலி பேசும் முறையில் இருக்கிறது என்று அவர் வருத்தத்தோடு சொல்வார்.

கீல் இறுகிய பிறகும் நாக்கு அரை நூல் கீழே நின்றால் கீழ்க்கீலுக்குப் பின்னால் அட்டை வைப்பார். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு நல்ல பொருத்தம், கெட்டியாகவும் சன்னமாகவும் இருக்கும். கீழ்க்கீல் அட்டையின் கனத்துக்கு வெளியே தள்ளப்படும்போது கதவின் கீழ்ப்பகுதி தாழ்ப் பக்கம் நகர்கிறது. அதோடு தாழ்ப் பக்கம் முழுவதும் சற்று மேலே எழும்புகிறது. இறங்கியது மேலே, அட்டை வைப்பது கீழே. பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். மேல்கீலின் பள்ளத்தை உளியால் ஆழமாக்கினாலும் இதே பலன் கிடைக்கும். ஆனால் வைத்த அட்டையை எடுத்துவிடலாம், வெட்டிய மரத்தை வைக்க முடியாது. திரும்ப எடுக்கக்கூடியதை முதலில் செய்து பார்ப்பது அவருடைய வரிசை.

இவ்வளவுக்கும் பிறகுதான் தகட்டுப் பக்கம் வருவார். வீட்டில் கண்மை இருந்தால் கொஞ்சம் வாங்கி நாக்கின் நுனியில் தடவி, கைப்பிடியைத் திருப்பாமல் கதவைச் சாத்தித் திறப்பார். நாக்கு எங்கே முட்டுகிறது என்று தகட்டில் கறுப்பாகப் பதிந்துவிடும். துளையின் கீழ்விளிம்பில் ஒரு கோடு அளவுக்குத்தான் பதிந்திருக்கிறது என்றால் அரத்தால் ராவிவிட்டால் போதும். அரை நூலுக்கு மேல் போனால் ராவக் கூடாது. தகட்டைக் கழற்றி, பழைய ஸ்குருத் துளைகளை அடைத்து, பள்ளத்தைக் கீழே நீட்டி, தகட்டை இறக்கி மாட்ட வேண்டும்.

துளையை இஷ்டத்துக்குப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தலைவாசலுக்குப் போடும் சில பூட்டுகளில் நாக்கை ஒட்டிச் சிறிய ஊசி ஒன்று தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். கதவு சாத்தியதும் நாக்கு துளைக்குள் விழ வேண்டும். அந்த ஊசி தகட்டின் மேல் அழுந்தி நிற்க வேண்டும். அது அழுந்தி இருக்கும்வரை நாக்கை வெளியிலிருந்து யாரும் தள்ளிவிட முடியாது. துளை அகலமாகி ஊசியும் உள்ளே விழுந்துவிட்டால், வளையக்கூடிய ஒரு பிளாஸ்டிக் அட்டையை இடுக்கில் நுழைத்துக் கதவைத் திறந்துவிடலாம். கதவு முன்னைவிடச் சுகமாகச் சாத்திக்கொள்ளும், வீட்டுக்குப் பாதுகாப்பு போயிருக்கும். தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டில் இதைப் பார்த்தால் ஆசாரி தகட்டையே மாற்றாமல் திரும்புவதில்லை.

மழைக்கால உப்பல் வேறு கதை. மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், காற்றுக்கே திருப்பியும் தரும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால் மரத்தில் ஈரம் சுமார் 11 சதவீதத்தில் நிற்கும். காற்று 80 சதவீதத்துக்குப் போனால் மரம் 15 சதவீதத்துக்கு ஏறும். ஈரம் ஏறியதும் மரம் அகலத்தில் உப்புகிறது, நீளத்தில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அடக்கமான மரங்களில் ஒன்று தேக்கு. அதுவும்கூட ஈரம் 1 சதவீதம் ஏறினால் அகலத்தில் 500இல் ஒரு பங்குவரை உப்பும். பலகைகளை நெடுக்கில் ஒட்டிச் செய்த மூன்றடிக் கதவு 4 சதவீத ஈரத்துக்கு 7 மில்லிமீட்டர்வரை அகலும். இரண்டு நூலுக்கும் அதிகம். ஒரு நூல் இடைவெளியில் அது எப்படி அடங்கும்?

இந்தக் கணக்கைப் புத்தகமில்லாமல் தெரிந்துகொண்டவர்கள்தான் சட்டமும் பலகையுமாகக் கதவு செய்யும் முறையைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதில் அகலத்தில் உப்பக்கூடியவை இரு ஓரத்து நெடுஞ்சட்டங்கள் மட்டும். நடுவே இருக்கும் பலகைகள் காடிக்குள் பசையில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். உப்பினாலும் காடிக்குள்ளேயே உப்பிக்கொள்ளும். நாலங்குலச் சட்டம் இரண்டும் சேர்ந்து அதே 4 சதவீத ஈரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே நகரும், அரை நூல். அந்தப் பலகைகளை ஆடுகிறதே என்று பசை போட்டு ஒட்டுபவர்களும், காடியைச் சுற்றிப் பெயின்டைத் தடிப்பாக நிரப்பி இறுக்குபவர்களும் அந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடுகிறார்கள்.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு. கார்த்திகையில் கதவு சாத்தவில்லை என்று அழைத்திருந்தார்கள். “உடனே சீவிடுங்கோ, ராத்திரி கதவைத் திறந்து போட்டுண்டு எப்படித் தூங்கறது?” என்றார் வீட்டம்மா. நியாயமான கவலைதான். ஆசாரி சீவவில்லை. தளர்ந்த கீலை இறுக்கினார், உரசும் ஓரத்தில் திரண்டிருந்த பழைய பெயின்ட் அடுக்கை மட்டும் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்தார். உள்பக்கம் ஒரு டவர் போல்ட் பொருத்தினார், அன்றைய இரவுக்கு அது போதும். “தை பொறந்ததும் பாக்கலாம்மா. அப்பவும் உரசினா நானே வந்து சீவித் தர்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். தையில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மழையில் பொருந்துகிற மாதிரி சீவிய கதவு கத்திரி வெயிலில் லொடலொடக்கும். பூட்டின் நாக்கு வெளியே நீள்வது சுமார் 4 நூல்தான். கதவுக்கும் நிலைக்கும் இடைவெளி கூடக்கூட, நாக்கு துளைக்குள் பிடிக்கும் ஆழம் குறைந்துகொண்டே போகும்.

ஃப்ளஷ் கதவுகள் இப்படி உப்பி வற்றும் ரகம் அல்ல. ஒட்டுப்பலகை என்பதால் அகலத்தில் அதிகம் நகராது. அவற்றுக்குச் சத்துரு விளிம்பு. இரு முகங்களிலும் அழகாக லேமினேட் ஒட்டி, பக்க விளிம்புகளில் பட்டியடித்து, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பச்சையாக விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அங்கே யாருக்கும் கண் எட்டாது. குளியலறைக் கதவு தண்ணீர் குடிப்பது அந்தக் கீழ் விளிம்பு வழியாகத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் பகுதிகளில் தரைத்தள வீடுகளின் கதவுகள் தண்ணீரில் நின்றன. வடிந்தபின் அவர் பார்த்த கதவுகளில், நீர் தாங்காத யூரியா பசையில் ஒட்டியவை அடுக்கடுக்காக விரிந்து போயிருந்தன. அவற்றுக்கு வைத்தியம் இல்லை. சட்டமும் பலகையுமான தேக்குக் கதவுகள் நிறையப் பிழைத்தன. அவற்றைக் கழற்றி, நிழலில், நடுநடுவே ரீப்பர் கட்டை கொடுத்துப் படுக்கவைத்து, வெயில் காட்டாமல் காயவிட்டார். வெயிலில் சாய்த்து வைத்தவர்களின் கதவுகள் முறுக்கிக்கொண்டன.

முறுக்கிய கதவு ஆசாரிக்கு இருக்கும் வேலைகளிலேயே பொறுமையைச் சோதிப்பது. சரியாகக் காயாத வேம்பில் செய்த கதவுகள் இதில் முதலிடம். நம் ஊர் நிலைகளில் காடியை மரத்திலேயே வெட்டியிருப்பதால் அதை நகர்த்தவும் முடியாது. மேல்மூலை முதலில் முட்டிக்கொண்டு, பூட்டு இருக்கும் இடம் காடியைத் தொடாமல் நிற்கும். நாக்கு துளைக்கு வெளியிலேயே நின்றுவிடும். கதவின் முறுக்கை எடுக்க முயல்வது வீண். ஒரு கீலைக் கதவின் கனத்துவாக்கில் சிறிது முன்னால் நகர்த்தி மாட்டினால், தாழ்ப் பக்கத்தில் தெரிகிற கோணலில் ஒரு பங்கைக் கீல் பக்கம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்துக்குத் தகட்டை நகர்த்தலாம். இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் பகிர்ந்துகொண்ட கோணல் கண்ணில் படாது.

கோவில்பட்டி பக்கம் ஓர் உறவினர் வீட்டில் அவர் பார்த்தது எல்லாவற்றுக்கும் நேர்மாறு. மழைக்காலத்தில் சுகமாகச் சாத்திய கதவு, சித்திரை வைகாசியில் தாழ் விழாமல் படுத்தியது. மரம் காய்ந்து சுருங்கும் காலத்தில் கதவு ஏன் இறுக வேண்டும்? நிலையின் மேல்மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. ரசமட்டம் வைத்தால் மேல்சட்டம் சாய்வு. அந்த வட்டாரம் கரிசல் மண். ஈரத்தில் உப்பி, வறட்சியில் பாளம் பாளமாக வெடிக்கும் மண். அத்திவாரம் போதுமான ஆழம் இல்லாவிட்டால் வீட்டையும் சேர்த்து அசைக்கும். நிலையே சதுரத்திலிருந்து விலகிப்போகும்போது கதவைச் சீவுவதில் அர்த்தம் கிடையாது. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு, நாக்குக்கு மேலும் கீழும் இடம் இருக்கும்படி நீளத் துளை உள்ள தகடு ஒன்றைப் பொருத்திவிட்டு, “என்ஜினீயர ஒருத்தரக் கூட்டியாந்து காட்டுங்க மச்சான், இது என் உளிக்கு அடங்குற வேலை இல்ல” என்று சொல்லிவிட்டார். தன் தொழிலின் எல்லை எங்கே முடிகிறது என்று சொல்லத் தெரிவதும் அந்தத் தொழிலைச் சேர்ந்ததுதான்.

சில வீடுகளில் காரணம் மிகச் சின்னதாக இருக்கும். புதுப் பூட்டு மாட்டியவர் நாக்கின் சரிவான பக்கத்தைத் தலைகீழாக வைத்துவிட்டிருப்பார். சரிவு தகட்டை நோக்கி இருந்தால்தான் நாக்கு வழுக்கி உள்ளே போய் மறுபடி துள்ளும். தட்டையான பக்கம் முட்டினால் கைப்பிடியைத் திருப்பாமல் கதவு சாத்தாது. பெரும்பாலான பூட்டுகளில் நாக்கைத் திருப்பி வைக்க வழி இருக்கிறது. இன்னும் சில வீடுகளில் பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள். அது தூசியோடு சேர்ந்து பிசினாகி நாக்கை ஒட்டவைத்துவிடும். சாவித்துவாரத்துக்குப் பென்சில் முனையைச் சுரண்டிய கிராஃபைட் தூள் போதும். மெஷின் எண்ணெய் கீலுக்கு மட்டும்.

பூட்டுச் செய்பவர்கள் மேல் ஆசாரிக்குத் தனி மரியாதை உண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், தகடு தகடாகக் கையால் ராவிப் பொருத்தும் அந்த வேலையை வியந்து பேசுவார். அப்படி யாரோ பார்த்துப் பார்த்துச் செய்த பொருளை, மூன்றடிக்கு அப்பால் ஒரு ஸ்குரு தளர்ந்ததற்காகக் கழற்றிக் குப்பையில் போடுவது அவருக்குப் பொறுக்காது. இந்த ரிப்பேரில் கடைக்காரருக்கு விற்பனை இல்லை, ஆசாரிக்கும் அரைநாள் கூலிக்கு மேல் கிடையாது. பூட்டை மாற்றச் சொல்வதுதான் எல்லாருக்கும் வசதி. ஆனாலும் அவர் அதைச் சொன்னதில்லை.

குளியலறைக் கதவு என்றால் அவர் மறுநாளைக்குத் தள்ளிப்போடுவதில்லை. தாழ் விழாத கதவை முட்டித் தள்ளிச் சாத்துகிறவர்கள் உள்ளே மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. உள்ளே வழுக்கி விழுந்தவர் வயதானவராக இருந்துவிட்டால் வெளியே நிற்பவர்களின் பதற்றம் சொல்லி முடியாது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வெளியிலிருந்தும் காசு நுனியால் திருப்பித் திறக்கக்கூடிய தாழைப் போடச் சொல்லி அவர் வற்புறுத்துவார்.

இந்த ஆண்டு புரட்டாசி முடிவதற்குள் வீட்டுக் கதவுகளின் மேல்கீல் ஸ்குருக்களை ஒருமுறை திருப்புளியால் முடுக்கிப் பாருங்கள். இறுகாமல் சுழன்றுகொண்டே இருப்பது எதுவோ, அதற்கு மட்டும் மூங்கில் சிம்பு வைத்துக்கொள்ளலாம். புதுக் கதவு வாங்கியிருப்பவர்கள், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இரண்டு கை பெயின்ட் அடித்துக் காயும்வரை அதை நிலையில் ஏற்ற விடாதீர்கள். ஏற்றிய பிறகு கீழ் விளிம்புக்குத் தூரிகை போகாது.